வானொலியும் ஓர் இல்லமும்

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. இவ்வைப்பு முறை எண்ணத்தக்கது. நூல்களைத் தாமே கற்கும் வாய்ப்புப் பெறாதவரும், கற்றவர் சொல்லக் கேட்டறிவாராயின், தளர்ந்த காலத்தில் அவ்வறிவு அவர்க்கு ஊன்றுகோலாய் நின்று உதவும் என்பது வள்ளுவர் கருத்து. ஆயினும், பண்டை நாளில் இக்கேள்விச் செல்வம் எல்லார்க்கும் எளிதிற் கிட்டியதன்று. கற்றவர் வாழும் ஊரை நாடி நடத்தல் வேண்டும். அன்றிக் கோயில் மண்டபத்தில் புராணம் படிப்பவர் வரும் நாளை எதிர்நோக்கிக் காத்திருத்தல் வேண்டும். அவ்வாறு செல்வதற்கும் காத்திருப்பதற்கும் ஓய்வில்லாத மக்களே நாட்டில் மிகுதி. இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த வானொலி, சொல்வோரைக் கேட்போரின் வீட்டிற்கே அழைத்து வந்தது. ஒரு நாள் முழுதும் அது ஒரு சிற்றூர்க் குடும்பத்திற்கு என்னென்ன அளித்தது என்பதை, ஆலங்குளத்தை இடமாகக் கொண்டு அறியலாம்.

ஆலங்குளம், திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தென்காசி மாவட்டம் அமைந்தது முதல் அம்மாவட்டத்தைச் சார்ந்ததாயிற்று. மேற்கே குற்றால மலை நிற்கிறது. ஆனி ஆடித் திங்கள்களில் அங்கே சாரல் பொழிய, அருவிகள் ஆர்ப்பரிக்கும். ஆலங்குளத்திற்கோ அச்சாரலின் குளிர்ந்த காற்று வருமேயன்றி மழை அவ்வளவாக வருவதில்லை. ஆதலின் இப்பகுதி உழவர் கிணற்று நீரை நம்பிக் கத்தரி, தக்காளி, மிளகாய், வெங்காயம் முதலியவற்றைப் பயிரிடுவர். மகளிர் பலர் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுவர். இவ்விரு தொழில்களையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், வானொலி இவ்வூரில் வேரூன்றியதற்கு இவையும் காரணம் ஆகும்.

தமிழ்நாட்டில் வானொலியின் வரலாறு 1924-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு சென்னையில் ஆர்வலர் சிலர் சங்கம் ஒன்றை அமைத்து ஒலிபரப்பினர். பொருள் முட்டுப்பாட்டால் அஃது 1927-இல் நின்றது. பின்னர் 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அந்நாளில் பெட்டி வாங்கும் வசதி மிகச் சிலர்க்கே இருந்தமையால், கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் தோன்றின. நாடு விடுதலை பெற்ற 1947-இல் இந்தியாவில் இருந்த வானொலி நிலையங்கள் ஆறே; அவற்றுள் இரண்டு தமிழகத்தில் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் தென்கோடியில் உள்ள நெல்லைச் சீமைக்குச் சென்னையும் திருச்சியும் தொலைவே. அக்குறை 1963-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நீங்கியது. திருநெல்வேலி வானொலி நிலையம் பாளையங்கோட்டையில் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று.

அது தொடங்கிச் சில ஆண்டுகள் சென்றபின், ஆலங்குளத்தில் நடுத்தரமான ஓர் உழவர் வீட்டை மனக்கண்முன் கொள்ளலாம். தாத்தா, ஆச்சி, தந்தை, தாய், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், அவளுக்கு இளைய மகன் என அறுவர் அவ்வீட்டில் வாழ்கின்றனர். நடுக்கூடத்துச் சுவரில் அறைந்த பலகைமேல் மரப்பெட்டி ஒன்று துணியுறை போர்த்து நிற்கிறது. அதுவே வானொலிப் பெட்டி. கூரைக்கு மேலே இரு கம்பங்களுக்கிடையே கட்டிய கம்பி, வான் வழி வரும் அலைகளை ஏற்று உள்ளே அனுப்பும். அந்நாளில் வானொலி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்திற் கட்டணம் செலுத்தி உரிமம் பெறுதல் வேண்டும். அவ்வுரிமப் புத்தகத்தைத் தாத்தா நிலப் பத்திரங்களோடு சேர்த்துப் பெட்டியிற் பூட்டி வைத்திருந்தார். பெட்டியின் திருகைத் தொடும் உரிமையும் அவரிடமே இருந்தது!

திருகியவுடன் அக்காலப் பெட்டி பேசுவதில்லை. உள்ளிருக்கும் வால்வுகள் சூடேறிச் செந்நிறம் கொள்ளும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். அதன்பின் விடியற்பொழுதில் முதலில் எழுவது நிலையத்தின் அடையாள இசை. தம்பூரின் சுருதிமேல் வயலின் இழையும் அவ்விசையை அமைத்தவர் வால்டர் காப்மன் என்பர். ஐரோப்பாவில் நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி 1934-இல் பம்பாய்க்கு வந்தடைந்த யூத இசையறிஞர் அவர். நாடிழந்து வந்த ஒருவரின் இசை நாட்டு மக்கள் அனைவரையும் துயிலெழுப்பியது வியப்பன்றோ! அதனைத் தொடர்ந்து வந்தே மாதரமும், மங்கல இசையாக நாகசுரமும், பத்திப் பாடல்களும் ஒலிக்கும். ஆச்சி வாயிலில் சாணம் தெளித்துக் கோலமிடுவதும், விளக்கேற்றுவதும் அவ்விசையோடு நிகழும். மணியை அறிவிப்பாளர் சொன்னவுடன் தாத்தா தம் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருத்துவார். ஊரில் எத்தனை கடிகாரங்கள் எத்தனை வகையாகக் காட்டினும், வானொலி காட்டிய நேரமே நேரம்.

காலைச் செய்தி வரும்போது வீட்டில் எவரும் பேசலாகாது. செய்தி தில்லியிலிருந்து தமிழில் வாசிக்கப்படும். சரோஜ் நாராயணசுவாமி போன்றோர் தம் பெயரைச் சொல்லிச் செய்தியைத் தொடங்கும் குரல், தமிழகத்தார் பலர்க்கும் உறவினர் குரல்போற் பழகியிருந்தது. இங்கே ஒன்று கூறுதல் தகும். ழகரத்தை லகரமாகவும் ளகரமாகவும் ஒலிக்கும் வழக்கம் பல ஊர்களிற் பரவியுள்ளது. வகுப்பில் ஆசிரியர் நூறு முறை திருத்தினும் நாவில் நில்லாத அவ்வொலி, நாள்தோறும் செம்மையாகக் கேட்ட காதுகளின் வழியே நாவிற்கு வந்து சேர்ந்தது உண்டு. பள்ளியில் ஒரு நாழிகையே தமிழ்; வானொலியிலோ நாள் முழுதும் தமிழ். அதற்கு வாய்த்த அறிவிப்பாளர்களும் எழுத்தை அறிந்து ஒலித்தனர். தாத்தா செய்தித்தாளைத் தட்டுத் தடுமாறி எழுத்துக் கூட்டிப் படிப்பவர். ஆச்சி படிக்கவே அறியாதவர். ஆனால் செய்தி முடிந்தபின் திண்ணையில் நிகழும் உரையாடலில், முதலமைச்சர் யாது சொன்னார், மேட்டூர் அணையில் நீர் எவ்வளவு என்பவற்றில் ஆச்சி எவர்க்கும் பின்வாங்குவதில்லை.

1969-ஆம் ஆண்டு ஜூலை 21, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி காலை 8.26 மணிக்கு ஆம்ஸ்திராங் என்னும் அமெரிக்கர் நிலவில் அடி வைத்தார். தமிழ்நாட்டில் அப்போது தொலைக்காட்சி இல்லை. சென்னையில் அது தொடங்கியது 1975-இல் ஆகும். ஆகவே அச்செய்தி சிற்றூர்களை அடைந்தது வானொலியின் வாயிலாகவே. அத்தகைய நாளில் இவ்வீட்டில் நிகழ்ந்திருக்கக்கூடிய உரையாடலை எண்ணிப் பார்ப்பது கடினமன்று.

“நிலாவிலே நிற்கிற அந்த ஆளுக்கு நம்ம ஆலங்குளம் தெரியுமா தாயி?” என்று ஆச்சி பேத்தியைக் கேட்பார்.

“ஊர் தெரியாது ஆச்சி. பூமி முழுவதும் ஓர் உருண்டையாகத் தெரியுமாம்” என்பாள் பேத்தி.

“அப்படியானால் அவர் குரல் மட்டும் இங்கே எப்படி வந்தது?”

இக்கேள்விக்கு விடை கூறப் பேத்தி தன் அறிவியல் ஆசிரியரை நாடிச் செல்லல் வேண்டும். எழுதப் படிக்க அறியாத ஒரு மூதாட்டி, உயர்நிலைப் பள்ளி மாணவியை வினாவினால் மடக்கினார் என்றால் அது கேள்வியறிவின் பயனே.

செய்திக்குப்பின் வானிலை அறிவிப்பும் சந்தை விலை நிலவரமும் வரும். இவை தந்தைக்கு உரியவை. காய்கறி பயிரிடும் உழவரின் ஊதியம், விளைச்சலைக் காட்டிலும் விலையையே சார்ந்தது. இன்ன சந்தையில் இன்ன விலை என்பதை அறியாதவர், தரகர் சொல்லும் விலைக்கே சரக்கைக் கொடுத்துவிட்டு வருவர். அறிந்தவர் வாய் திறந்து கேட்பர். வானொலியில் கேட்ட விலை கைக்கு முழுமையாக வந்தது என்று சொல்வதற்கில்லை. வண்டிக் கூலியும் தரகும் உண்டு. ஆனால் எவ்வளவு குறைகிறது என்றேனும் தெரிந்தது. அதுவே ஒரு வலிமை.

தந்தை வயலுக்கும் மக்கள் பள்ளிக்கும் சென்றபின் வீடு மகளிர்க்கு உரியதாகும். தாய் திண்ணையின் உட்புறத்தில் தட்டை மடியில் வைத்து அமர்வார். அண்டை வீட்டு மகளிர் நால்வர் ஐவர் தத்தம் தட்டுகளோடு வந்து சேர்வர். முதல் நாள் இரவே நனைத்துத் துணியிற் சுற்றி வைத்த இலையை அளவாக வெட்டி, தூளை இட்டு, சுருட்டி, முனையை மடித்து, நூலாற் கட்டுதல் வேண்டும். கண் இலையை விட்டு அகலாது. கை ஒரு நொடியும் ஓயாது. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவது. ஒரு நூலைப் புரட்டவோ, எழுந்து சென்று ஒரு சொற்பொழிவைக் கேட்கவோ இவர்களுக்கு ஏது நேரம்? ஆனால் காது மட்டும் ஓய்வாக இருக்கிறது. உடலுறுப்புகளில் கூலிக்கு விற்கப்படாமல் எஞ்சிய அவ்வொன்றையே வானொலி தன் வாயிலாகக் கொண்டது.

நண்பகல் ஒலிபரப்பில் மகளிர் நிகழ்ச்சி வரும். குழந்தை வளர்ப்பு, அம்மை குத்திக் கொள்ளுதல், சத்துள்ள உணவு, சிறுசேமிப்பு, சட்டம் மகளிர்க்குத் தந்துள்ள சொத்துரிமை எனப் பல பொருள்கள் பற்றி அறிந்தோர் உரையாற்றுவர். இவற்றுட் சில, நகரத்து மகளிரையே எண்ணி எழுதப்பட்டவை என்பதையும் மறுப்பதற்கில்லை. குளிர்ப்பதனப் பெட்டியிற் பழத்தை வைப்பது பற்றி ஆலங்குளத்துத் திண்ணையில் யார்க்கு என்ன கவலை? அப்போது அவர்கள் தம்முள் பேசிச் சிரிப்பர். ஆனால் மருத்துவர் ஒருவர் இருமலைப் பற்றியும் நெஞ்சு நோயைப் பற்றியும் பேசுவாராயின் சிரிப்பு அடங்கிவிடும். புகையிலைத் தூள் நாள்தோறும் மூச்சோடு செல்வதை அவர்கள் அறியாதவர் அல்லர். தாயின் கை ஒரு கணம் நிற்கும். பின்பு முன்போல் ஓடும். மாலைக்குள் எண்ணிக்கை நிரம்பினாலன்றி அன்றைய கூலி இல்லை. அறிவைக் காதுவரை கொண்டு வருதல் வானொலியால் இயன்றது. கூலியை மாற்றுதல் அதனால் இயன்றதன்று.

இதே பொழுதில் பள்ளிகளுக்கான ஒலிபரப்பும் உண்டு. வானொலிப் பெட்டி உள்ள பள்ளிகளில் மாணவர் வரிசையாக அமர்ந்து கேட்பர். புகழ் பெற்ற எழுத்தாளர் தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியின் கல்வி ஒலிபரப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவர். சிறுகதையிலும் புதினத்திலும் தேர்ந்த கை, பாடங்களைச் செவிக்கு இனியனவாக ஆக்கவும் உழைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் சிறுவர் நிகழ்ச்சியோ பாடம் போன்றதன்று. கதை, பாட்டு, விடுகதை என்று அமைவது. நிலையத்திற்குச் சென்று தன் குரலை ஒலிக்கச் செய்து, ஊரார் அதனைக் கேட்டதாகச் சொல்ல வேண்டும் என்பது மகனின் பெருங்கனவு.

மாலையில் சிற்றூர் மக்களுக்கான நிகழ்ச்சி தொடங்கும். பிற்காலத்தில் இதற்கு “வீடும் வயலும்” என்னும் பெயர் நிலைத்தது. இருவர் வரப்பில் நின்று பேசுவதுபோல் உரையாடுவர். ஒருவர் ஐயுற்று வினவ, மற்றவர் விளக்குவார். எருவிடும் அளவு, பூச்சிமருந்து தெளிக்கும் முறை, புது விதை கிடைக்கும் இடம் ஆகியன அப்பேச்சினூடே வந்து விழும். இதன் ஆற்றலுக்குத் தஞ்சை மாவட்டத்தில் நிகழ்ந்த ஒன்று சான்று. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் வகையைத் திருச்சி வானொலி விடாது எடுத்துரைத்தது. அது கேட்டுப் பயிரிட்ட உழவர்கள், ஆராய்ச்சி நிலையம் இட்ட பெயரை விடுத்து, அதனை “ரேடியோ நெல்” என்றே அழைத்தனர். பொருளுக்குப் பெயரிடும் உரிமை மக்களுடையது. அவர்கள் தமக்கு அதனை அறிவித்தவரின் பெயரையே இட்டனர். நெல்லை நிலையத்திலும் பின்னாளில் இத்துறைக்கு நல்லார் ஒருவர் வாய்த்தார். வேளாண்மை பயின்ற தென்கச்சி கோ. சுவாமிநாதன் 1977-இல் இந்நிலையத்திற் பணியேற்றார். சென்னை வானொலியில் “இன்று ஒரு தகவல்” சொல்லித் தமிழகம் முழுதும் அறிமுகமாவதற்கு முன்னரே, அவருடைய நகைச்சுவை தோய்ந்த பேச்சை நெல்லை உழவர் கேட்டுப் பழகியிருந்தனர்.

பூசல் எழுவது இந்நேரத்திலேதான். தந்தை உழவர் நிகழ்ச்சி கேட்க விழைவார். மகனும் மகளும் இலங்கை வானொலியின் திரைப்பாடல்களைக் கேட்க விழைவர். 1952-இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை மிகவும் குறைத்துக் கொண்டது. செவ்வியல் இசையை வளர்த்தல் அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்ததே, ஆயினும் இளைஞர் திருகியைத் திருப்பிக் கடல் கடந்து சென்றுவிட்டனர். இதனை உணர்ந்து 1957-இல் விவித பாரதி என்னும் பல்சுவை ஒலிபரப்புத் தொடங்கப்பட்ட பின்னும், தென் தமிழகத்தில் இலங்கை வானொலியின் செல்வாக்குக் குறையவில்லை. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர் பெயர்கள் பல்லாண்டுகள் இங்கே வீட்டுக்கு வீடு வழங்கின.

கடல் கடந்த குரல் இவ்வளவு தெளிவாக வந்ததற்கு இயற்கையே துணை செய்தது. மத்திய அலைகள் நிலத்தை ஒட்டிச் செல்லும்போது விரைவில் வலிமை குன்றும். உப்புநீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துமாதலால், கடலின்மேல் அவை நெடுந்தொலைவு செல்லும். மன்னார் வளைகுடா அவற்றிற்குப் பெருவழியாயிற்று. மேலும், பகற்பொழுதில் ஞாயிற்றின் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றமுற்ற ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. மேல்நோக்கிச் செல்லும் மத்திய அலைகளை அப்படலம் விழுங்கிவிடும். இரவில் அது மறையவே, அதற்கும் மேலுள்ள படலங்களில் பட்டு அவ்வலைகள் நிலத்திற்கு மீளும். பகலில் வாராத தொலைநாட்டு நிலையங்கள் இரவில் வந்து ஒலிப்பது இதனாலேயாம்.

பூசலுக்குத் தாத்தா ஒரு முறை வகுத்தார். உழவர் நிகழ்ச்சி முடியும் வரை பெட்டி தந்தைக்கு. பின் அரைமணி நேரம் மக்களுக்கு. வில்லுப்பாட்டு வரும் நாளில் அது ஆச்சிக்கு. சனிக்கிழமை இரவில் இசைக் கச்சேரி தமக்கு. இம்முறையால் எவரும் தமக்கு வேண்டியதை முழுதும் பெறவில்லை. அதனாலேயே ஒரு நன்மை விளைந்தது. தன் முறைக்குக் காத்திருந்த மகன், கத்தரியைத் தாக்கும் தண்டுத் துளைப்பானைப் பற்றிக் கேட்டுத்தான் ஆகவேண்டும். மகள், 1952-இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சியின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டு, இது காம்போதி, இது தோடி என்று இனங்காணக் கற்றாள். திரைப்பாட்டைப் பழித்து வந்த தாத்தாவும் ஒருநாள், “இந்தப் பாட்டும் அந்த ராகந்தானே?” என்று பேத்தியை வினவினார். தாமே தேர்ந்து கொள்ளும் வாய்ப்பு இருந்திருப்பின் இவர்களுள் எவரும் பிறர் பங்கைக் கேட்டிருக்க மாட்டார்.

வில்லுப்பாட்டு நெல்லைச் சீமைக்கும் நாஞ்சில் நாட்டிற்கும் உரிய கலை. கோயிற் கொடை விழாக்களில் விடிய விடிய நிகழும் அக்கலை, நிலையத்துள் அரைமணி நேரத்தில் அடங்க வேண்டியதாயிற்று. இது குறையே. வில்லின் மணியோசையும் குடத்தின் முழக்கமும் எழுந்தவுடன் ஆச்சி, “கதை தொடங்கும் முன்பே முடித்துவிடுகிறார்களே!” என்று வருந்துவார். ஆயினும், நடக்க இயலாத முதுமையில் கொடை விழாவிற்குச் செல்லாதிருந்த அவர்க்கு அவ்வரை மணியும் விழாவே. நாடகம் ஒலிபரப்பாகும் இரவுகளில் பெட்டி இல்லாத அண்டை வீட்டாரும் வந்து முற்றத்தில் அமர்வர். மேடையும் இல்லை, திரையும் இல்லை; கதவு திறக்கும் ஓசையும் காலடி ஓசையும் கேட்டே அரண்மனையையும் காட்டையும் ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தில் கட்டிக் கொண்டனர். ஒருவர் கட்டிய அரண்மனை மற்றவர் கட்டியது போன்றதன்று.

காலப்போக்கில் டிரான்சிஸ்டர் வந்து பெட்டியைக் கையடக்கமாக்கிற்று. வானொலி வயலுக்கும் மாட்டு வண்டிக்கும் சென்றது. உரிமக் கட்டணம் நீக்கப்பட்டது. தொலைக்காட்சி வந்தது. 2023-ஆம் ஆண்டு முதல் அகில இந்திய வானொலி தன்னை ஆகாசவாணி என்னும் பெயராலேயே எங்கும் அறிவிக்கலாயிற்று. அதன் நிகழ்ச்சிகளை இன்று கைப்பேசிச் செயலி வாயிலாகவும் கேட்க இயலும்; திருகிக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை; அவரவர்க்கு அவரவர் கைப்பேசி. பீடி சுற்றும் வீடுகள் பலவற்றில் கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் மகளிரின் கண்கள் முன்போலவே தட்டில் உள்ள இலையின்மேல் இருக்கின்றன. அவர்கள் அதனைக் காண்பதினும் கேட்பதே மிகுதி.